மைப்பேனா ஏன் கக்குகிறது, எழுத்து ஏன் படர்கிறது?

மைப்பேனா மறுபடியும் சட்டைப் பைக்கு வந்துவிட்டது. இணையக் கடைகளில் பத்து வெள்ளிக்குள்ளேயே கிடைப்பதால், மலேசியாவில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கும் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களிலும் மாணவர்கள், ஆசிரியர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் என்று பலரும் வாங்கிப் பார்க்கிறார்கள். வாங்கி ஒரு வாரத்துக்குள் மூன்று புகார்கள் வந்துவிடுகின்றன. சட்டைப் பையில் மை கக்கிவிட்டது. நோட்டுப் புத்தகத்தில் எழுத்து மயிர் மயிராகப் படர்ந்து மறுபக்கமும் வீணாகிவிட்டது. ஈரக்கை பட்டதும் எழுதியதெல்லாம் கரைந்துவிட்டது. மட்டமான சரக்கு என்று சொல்லிப் பேனாவை மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள்.

அப்படி இழுப்பறைக்குப் போன பேனாக்களில் பலவும் நல்ல பேனாக்கள்தான். மைப்பேனா குளிர்நாடுகளில் வளர்ந்த கருவி. நம் வெயிலிலும் ஈரத்திலும் அதன் நடத்தை மாறுகிறது. ஏன் மாறுகிறது என்பதைப் பேனாவின் உள்ளிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

## பேனாவுக்குள் நடப்பது

பால்பாயிண்ட் பேனாவில் இருப்பது பசை மாதிரி கெட்டியான எண்ணெய் மை. நுனியில் உருளும் ஒரு சிறு குண்டு அதை இழுத்து வந்து காகிதத்தில் தடவுகிறது. குண்டு உருள வேண்டுமானால் நாம் அழுத்த வேண்டும். மைப்பேனாவின் மை தண்ணீர் மாதிரி ஓடக்கூடியது. காகிதத்தைத் தொட்டாலே இறங்கும். மூன்று உறுப்புகள் இந்த வேலையைப் பகிர்ந்து செய்கின்றன.

1. நிப்பு. எஃகால் அல்லது தங்கத்தால் ஆன தகடு. நடுவில் மயிரிழை அளவுக்கு ஒரு பிளவு. நுனியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சின்ன மணி ஒட்டியிருக்கும். ஆஸ்மியம், ருதேனியம், டங்ஸ்டன் போன்ற கடினமான உலோகங்களைக் கலந்து செய்தது அது. நிப்பு தங்கமோ எஃகோ, காகிதத்தில் உரசுவது இந்த மணிதான்.

2. நாக்கு. நிப்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் கறுப்புத் துண்டு. அதன் முதுகில் ஒரு மெல்லிய வாய்க்கால் ஓடும், பக்கங்களில் சீப்புப் பற்கள் மாதிரி வரிசையாகக் கீறல்கள் இருக்கும். பேனாவின் மூளை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்.

3. மை அறை. பேனாவின் உடம்பாகவோ, மாற்றிப் போடும் குப்பியாகவோ, உறிஞ்சும் குழாயாகவோ இருக்கலாம்.

விளக்குத் திரியில் எண்ணெய் தானாக ஏறுவதைப் பார்த்திருப்போம். குறுகலான வழி கிடைத்தால் திரவம் அதன் சுவரைப் பற்றிக்கொண்டு நகரும். நுண்புழை ஈர்ப்பு என்று இதைச் சொல்கிறோம். நாக்கின் வாய்க்காலில் மை நகர்வதும், நிப்பின் பிளவில் இறங்குவதும், பிறகு காகிதத்தின் நார்களுக்குள் இழுபடுவதும் எல்லாம் இதே ஈர்ப்புதான். ஒவ்வொரு கட்டத்திலும் வழி இன்னும் குறுகலாகிறது, அதனால் மை அடுத்த கட்டத்துக்கு இழுபடுகிறது. கடைசிக் கட்டம் காகிதம். இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல விஷயங்கள் எளிதாகப் புரியும்.

சரி, மை வெளியே போனால் அந்த இடத்தை எது நிரப்பும்? காற்று. கெட்டிப் பால் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் பால் வராது, எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஓடும். தேநீர்க் கடையில் நிற்கும் யாருக்கும் இது தெரியும். மைப்பேனாவுக்கும் அந்த இரண்டாவது ஓட்டை வேண்டும், ஆனால் அது அளவோடு திறக்க வேண்டும். நிறைய திறந்தால் மை கொட்டும், திறக்காவிட்டால் எழுத்து நின்றுவிடும். 1884இல் அமெரிக்காவில் லூயிஸ் எட்சன் வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற பேனாவின் பெருமை இங்கேதான் இருக்கிறது. மை கீழே இறங்கவும் காற்று மேலே ஏறவும் ஒரே நாக்கில் அவர் வழி அமைத்தார். பேனாவுக்குள் மை வைக்கும் முயற்சிகள் அதற்கு முன்பே நடந்தவைதான். ருமேனியாவைச் சேர்ந்த பெட்ராக்கே போயனாரு 1827இலேயே பிரான்சில் காப்புரிமை பெற்றிருந்தார். நம்பி எடுத்துப் போகும் பேனா பரவலானது வாட்டர்மேனுக்குப் பிறகுதான்.

## சட்டைப் பையில் கக்குவது ஏன்?

மை அறையில் மை குறையக் குறையக் காற்று நிரம்புகிறது. காற்று சூடானால் விரியும். விரியும் காற்றுக்கு வெளியே போக இருக்கும் ஒரே வழி நாக்கு. அந்த வழியில் மை நின்றுகொண்டிருந்தால் காற்று மையைத் தள்ளிக்கொண்டு வரும். பேனா கக்குவது இப்படித்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குளிரூட்டிய அறையில் 25 பாகை வெப்பத்தில் இருந்த பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மதிய வெயிலில் வெளியே வருகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் பேனா உடல் சூட்டுக்கு, அதாவது 37 பாகைக்கு அருகில் வந்துவிடும். காற்று மட்டும் விரிவது சுமார் 4 விழுக்காடு. உள்ளே மையிலிருந்து எழும் நீராவியும் சூட்டில் கூடுவதால் மொத்தம் 7 விழுக்காடு வரை போகும்.

உறிஞ்சு குழாய் வைத்த பேனாவில் பாதி தீர்ந்திருந்தால் காற்று அரை மில்லிலிட்டர்கூட இருக்காது. அதில் 7 விழுக்காடு என்றால் அரைத்துளி மை. நாக்கின் பற்கள் அந்த அரைத்துளியைத் தாங்கிக்கொள்ளும். அவை இருப்பதே இதற்காகத்தான். ஆனால் சொட்டுக்குழாயால் உடம்பு முழுக்க மை நிரப்பும் பேனாக்கள் உண்டு. 3 மில்லிலிட்டர் பிடிக்கும் அப்படிப்பட்ட பேனாவில் மை தீரும் தறுவாயில் இரண்டரை மில்லிலிட்டர் காற்று இருக்கும். அதில் 7 விழுக்காடு என்பது மூன்று துளிக்கு மேல். மூன்று துளியை எந்த நாக்கும் தாங்காது. நிப்பின் நுனியில் குண்டாக ஒரு சொட்டு திரண்டு, எழுதிக்கொண்டிருக்கும் வரியின் மேலேயே விழும்.

ஆக, பலர் நினைப்பதற்கு நேர்மாறான ஒன்று உண்மை. மை நிறைந்த பேனா கக்குவது அரிது. மை தீரப்போகும் பேனாதான் கக்கும். இதிலிருந்து கிடைக்கும் வழிகள்:

1. கால்வாசிக்குக் கீழே போனதும் நிரப்பிவிடுங்கள், இல்லையென்றால் முழுக்கத் தீர்த்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வெயிலில் அலையாதீர்கள்.

2. பையில் நிப்பு மேலே பார்த்திருக்க வேண்டும். அப்போது மை அடியில் தங்கும், காற்று நாக்கின் பக்கம் இருக்கும். சூட்டில் விரிந்தாலும் வெளியேறுவது வெறும் காற்றாகத்தான் இருக்கும். விமானத்தில் போகிறவர்களுக்கும் இதே வழிதான்.

3. வெயிலிலிருந்து வந்ததும் மூடியைத் திறக்கும்போது நிப்பை மேலே பார்க்க வைத்தே திறங்கள்.

கை கறைபடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கசிவு என்று தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். தோட்டத்துச் செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிள் குலுங்கும்போது நிப்பிலிருக்கும் மை தெறித்து மூடியின் உட்சுவரில் படிகிறது. அடுத்த முறை மூடும்போது பேனாவின் கழுத்தில் அது ஒட்டிக்கொள்கிறது. விரல் பிடிக்கும் இடம் அதுதான். மூடியைக் கழுவித் துடைத்தால் போதும், பேனாவில் ஒரு குறையும் இல்லை.

## மையும் கடுக்காயும்

மையில் பெரும்பகுதி தண்ணீர். அதில் நிறம், ஓட்டத்தைச் சீராக்கும் ஒரு பொருள், சட்டென்று காயாமல் வைக்கும் ஒரு பொருள், பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு மருந்து. நிறம் எப்படித் தரப்படுகிறது என்பதை வைத்து மையை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. சாய மை. சாயம் தண்ணீரில் முழுக்கக் கரைந்திருக்கும். பேனாவுக்குச் சாது, கழுவ எளிது, நூறு நிறங்களில் கிடைக்கும். தண்ணீர் பட்டால் எழுத்து மறுபடி கரையும். புட்டியில் ‘வாஷபிள்’ என்று போட்டிருந்தால் துணியில் பட்டாலும் போய்விட வேண்டும் என்றே செய்த மை அது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றது, நிலப் பத்திரத்துக்கும் காசோலைக்கும் ஆகாது.

2. இரும்பு மை. இது நம் பாட்டன் பூட்டன் அறிந்த சங்கதி. கடுக்காயை இடித்து ஊறவைத்து, அதோடு அன்னபேதி சேர்த்தால் கறுப்பு மை கிடைக்கும். கடுக்காயில் இருப்பது டானின் என்ற துவர்ப்புச் சத்து. அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். இரண்டும் சேர்ந்து, காற்று பட்டதும் கறுக்கும். இரும்பு அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கினால் கத்தியும் கையும் கறுப்பேறுமே, கிட்டத்தட்ட அதே விளையாட்டுதான். ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தில் உண்டாகும் காய் போன்ற முடிச்சுகளைப் பயன்படுத்தினார்கள். எழுதும்போது வெளிறித் தெரிந்து, பிறகுதான் கறுக்கும் என்பதால், எழுதும்போதே கண்ணுக்குத் தெரிய நீலச் சாயம் சேர்த்தார்கள். ‘ப்ளூ ப்ளாக்’ என்ற பெயர் அப்படி வந்தது. நீலமாக எழுதி, நாளடைவில் கறுப்பாகும். காகித நாருக்குள்ளேயே கறுப்பு உருவாவதால் தண்ணீரில் போகாது. இங்கிலாந்தில் பிறப்பு, திருமணப் பதிவேடுகளுக்கு நெடுங்காலம் இந்த வகை மையைத்தான் வைத்திருந்தார்கள்.

3. நிறமி மை. நிறம் கரையாமல் நுண்துகளாக மிதக்கும். காய்ந்துவிட்டால் மழைக்கும் அசையாது. பேனாவுக்குள் காய்ந்தாலும் அப்படியேதான், அசையாது. தினமும் எழுதுகிறவர்களுக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்பேன்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதை மைப்பேனாவில் ஊற்றவே கூடாது. ஓவியம் வரைய விற்கும் ‘இந்தியன் இங்க்’. அதில் பெரும்பாலும் அரக்கு கலந்திருக்கும். அரக்கு நாக்கின் வாய்க்காலில் உறைந்தால் பேனா போனதுதான்.

இரும்பு மை அமிலத் தன்மை உள்ளது. அந்தக் காலத்தில் நல்ல பேனா என்றால் தங்க நிப்பு என்று இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அமில மை சாதாரண எஃகை அரித்துவிடும், தங்கத்தை ஒன்றும் செய்யாது. இன்றைய துருப்பிடிக்காத எஃகும் இன்றைய மென்மையான இரும்பு மையும் ஒத்துப்போகும், மாதம் ஒருமுறை கழுவினால் போதும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. சில அடர் நீல மைகள் காய்ந்த பிறகு ஓரங்களில் செம்பு நிறத்தில் மின்னும். மயில்கழுத்துப் பட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் இரண்டு நிறம் தெரிவது போல. சாயம் காகிதத்துக்குள் இறங்காமல் மேலேயே படிகமாகத் தங்குவதால் வரும் மினுமினுப்பு அது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் மேலேயே தங்கிய சாயம் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். நம் ஊரில் எழுதி ஒரு வாரம் ஆனாலும் விரலில் ஒட்டும். அப்படிப்பட்ட மையைக் கடிதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி புரட்டும் நோட்டுக்கு வேண்டாம்.

## காகிதமும் நம் ஊர்க் காற்றும்

எழுத்து படர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காகிதத்தைத்தான். மை செல்லும் வழியில் கடைசியாகவும் பலமாகவும் இழுப்பது அதுதான். காகிதம் என்பது பின்னிக் கிடக்கும் மர நார். அந்த நாரைச் சும்மா விட்டால் ஒற்றுத்தாள் மாதிரி எல்லா மையையும் குடித்துவிடும். அதைத் தடுக்கக் காகித ஆலையில் கஞ்சி போன்ற மாவுப் பொருளும் தண்ணீரை விலக்கும் மெழுகுத் தன்மையுள்ள பொருளும் சேர்க்கிறார்கள். வேட்டிக்குக் கஞ்சி போடுவது போலத்தான். மலிவான நோட்டுப் புத்தகங்கள் பென்சிலையும் பால்பாயிண்டையும் மனதில் வைத்துச் செய்யப்படுபவை. அவற்றுக்கு இவ்வளவு கஞ்சி தேவையில்லை என்று குறைத்துவிடுகிறார்கள்.

தடிமனான தாள் வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. ஜப்பானில் ‘டோமோயே ரிவர்’ என்று ஒரு தாள் செய்தார்கள். சதுர மீட்டருக்கு 52 கிராம்தான், பின்னால் இருக்கும் விரல் நிழலாகத் தெரியும் அளவுக்கு மெல்லியது. மை அதில் துளிகூடப் படராது. நாம் நகல் எடுக்கும் 80 கிராம் தாளில் பல வகைகள் படரும். எடையைவிடக் கஞ்சியே முக்கியம்.

இனி ஈரத்துக்கு வருவோம். நம் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கும், இரவில் 90ஐத் தாண்டும். காகிதம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். நார் உப்பி, இடைவெளிகள் நெகிழும், மை எளிதாக உள்ளே ஓடும். கடையில் பிரித்த அன்று நன்றாக எழுதிய அதே நோட்டு, தாமான் வீட்டு மேசையில் திறந்து கிடந்து இரண்டு மாதத்தில் படரத் தொடங்குவதற்கு இதுதான் காரணம். நோட்டுகளையும் கடிதத் தாளையும் இறுக மூடும் பிஸ்கட் டின்னில் வைத்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

நோட்டு வாங்குமுன் கடைசிப் பக்கத்தில் இப்படிச் சோதிக்கலாம்:

1. மெதுவாக ஒரு கோடு. ஓரங்களில் மயிர் போலக் கிளைத்தால் அது படர்தல்.

2. ஒரே இடத்தில் மூன்று எண்ணும் வரை நிப்பை வைத்து எடுங்கள். பின்பக்கம் மைப்புள்ளி வந்தால் அது ஊடுருவல். மறுபக்கம் எழுத முடியாது.

3. மைப்புள்ளி வராமல் எழுத்தின் உருவம் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் அது நிழல். அதனால் கெடுதல் இல்லை.

4. உள்ளங்கை கொஞ்ச நேரம் தங்கிய இடத்தில் எழுதிப் பாருங்கள். வியர்வையும் எண்ணெயும் பட்ட இடத்தில் மை ஒட்டாமல் விட்டுவிட்டு வரும். பக்கத்தின் கீழ்ப்பாதியில் மட்டும் பேனா தகராறு செய்தால் காரணம் இதுதான். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

ஈரத்தால் நமக்கு ஒரு நன்மையும் உண்டு. மூடியைத் திறந்து வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தால் குளிரூட்டிய அலுவலகத்தில் நிப்பு சீக்கிரம் காய்ந்துவிடும், வீட்டுத் திண்ணையில் அதைவிட நெடுநேரம் தாங்கும்.

## தமிழ் எழுத்துக்கு எந்த நிப்பு?

இந்தக் கேள்விக்குப் பேனா விற்பவர்களிடம் பதில் கிடைக்காது, ஏனென்றால் அவர்களுடைய அளவுகள் வேறு எழுத்துகளுக்கு உருவானவை. ஐரோப்பிய நிப்பில் ‘ஃபைன்’ என்பது சுமார் அரை மில்லிமீட்டர் கோடு. ஜப்பானிய ‘ஃபைன்’ அதைவிட நன்றாகவே மெல்லியது, நெருக்கமான கோடுகள் உள்ள தங்கள் எழுத்துக்காக அப்படிச் செய்கிறார்கள்.

தமிழின் சிக்கல் சுழியிலும் புள்ளியிலும் இருக்கிறது. ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். அகலமான நிப்பால், படரும் தாளில், சின்னதாக எழுதினால் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைந்துபோகும். மனமா மணமா என்று படிப்பவர் தடுமாறுவார். ‘ஞ’, ‘ணை’, ‘னூ’ எல்லாவற்றுக்கும் இதே கதிதான். புள்ளி இன்னும் மோசம். நிப்பைத் தொட்டு நிறுத்தும் ஒவ்வொரு முறையும் மை ஒரு கணம் அதிகமாக இறங்குகிறது. வாக்கியத்துக்கு ஒன்றிரண்டு புள்ளி வைக்கும் மொழிக்கு இது பெரிதில்லை. தமிழில் ‘சுற்றுச்சூழல்’ என்ற ஒரு சொல்லுக்கே மூன்று புள்ளி வேண்டும். ஓலைச்சுவடிகளில் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள், எழுத்தாணி அழுந்தினால் ஓலை பொத்துவிடும் என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். காகிதத்தில் நாம் புள்ளியை விட முடியாது, அதனால் நிப்பைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

என் பரிந்துரை இது. பள்ளி நோட்டில் அன்றாடம் எழுத ஜப்பானிய ‘ஃபைன்’ அல்லது ஐரோப்பிய ‘எக்ஸ்ட்ரா ஃபைன்’. நல்ல தாளில் கடிதம் எழுத ‘மீடியம்’. வாழ்த்து மடல், அழைப்பிதழ் முகவரி போன்றவற்றுக்குத் தட்டையாக வெட்டிய நிப்பு. அந்த வெட்டு நிப்பில் ‘ட’, ‘ப’, ‘ம’, ‘ய’ எல்லாம் படுக்கைக் கோடு ஒரு தடிமன், நெடுங்கோடு ஒரு தடிமன் என்று கோவில் கல்வெட்டு மாதிரி நிமிர்ந்து நிற்கும். அழுத்தினால் விரியும் நெகிழ் நிப்பு ஆங்கிலச் சாய்வெழுத்துக்கு நல்லது. தமிழில் பேனா மேல்நோக்கியும் இடப்பக்கமும் அடிக்கடி தள்ளிப் போக வேண்டியிருப்பதால் அது காகிதத்தைக் குத்தும்.

மையின் அடர்த்தி மாறித் தெரிவதும் தமிழில் கூடுதல் அழகு. ஒரு நல்ல பச்சையோ பழுப்போ ஊற்றி ‘ழ’ எழுதிப் பாருங்கள். தொடக்கத்தில் வெளிறி, வளைவில் ஓடி, அடியில் சுழித்து நிற்கும் இடத்தில் மை குளமாகத் தேங்கிக் கருத்திருக்கும். கை எங்கே விரைந்தது, எங்கே நின்றது என்று எழுத்திலேயே பதிவாகிவிடுகிறது. பால்பாயிண்டில் இது கிடைக்காது.

பேனாவை இரவல் கொடுக்கக் கூடாது, நிப்பு அடுத்தவர் கைக்குப் பழகிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. நுனி மணி மிகக் கடினமானது, ஒரு கையெழுத்துப் போடுவதால் தேயாது. பயப்பட வேண்டியது வேறு. பால்பாயிண்டுக்குப் பழகியவர் அழுத்தி எழுதினால் பிளவு விரிந்துவிடும், அதன் பிறகு நுனிக்கு மை வராது. கொடுக்கும்போது ‘அழுத்தாதீங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுக்கலாம்.

## கழுவுவதும் பூஞ்சையும்

இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. மை மாற்றும்போதும், மாதம் ஒருமுறையும், சாதாரணத் தண்ணீரால் நிறம் போகும் வரை கழுவ வேண்டும். சுடுதண்ணீர் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். இரண்டு மைகளைக் கலக்காதீர்கள், சில மைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் திரிந்துவிடும்.

நம் ஊரில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது பூஞ்சை. புட்டியைத் திறந்ததும் ஈரத் துணியின் வாடை அடித்தாலோ, மேலே ஆடை மாதிரி ஏதாவது மிதந்தாலோ, முழுப் புட்டியையும் கொட்டிவிடுங்கள். வடிகட்டி எடுத்துவைக்க ஆசைப்பட வேண்டாம். அந்தப் புட்டியிலிருந்து மை நிரப்பிய பேனாவையும் உடனே கழுவுங்கள். எழுதி முடித்த பேனாவில் மிச்சமிருக்கும் மையைப் புட்டிக்குத் திருப்பி ஊற்றாமல் இருந்தாலே பெரும்பாலும் இது வராது.

## மரத்துப் பாலும் பேனாவும்

சுங்கை சிப்புட்காரர்களுக்கு மைப்பேனாவோடு ஒரு பழைய உறவு இருக்கிறது. தோட்டத்தில் பேனா என்றால் கணக்கெழுதும் கிராணியின் சட்டைப் பைதான் நினைவுக்கு வரும். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டில் பேர் போட்டது, பால் நிறுத்துக் கணக்கு எழுதியது எல்லாம் அந்தக் கைதான். ஆனால் அந்தப் பேனா எதனால் ஆனது என்று பார்த்தால் கதை ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களிடமே திரும்பி வருகிறது.

ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும். அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் 1844இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கந்தகம் சில விழுக்காடு மட்டும் இருந்தால் நெகிழும் ரப்பர். அதையே முப்பது விழுக்காட்டுக்குக் கொண்டுபோய் நெடுநேரம் வேகவைத்தால் கருங்காலி மாதிரி கடினமான, மெருகேறும் பொருள் கிடைக்கும். கருங்காலியின் ஆங்கிலப் பெயரை ஒட்டியே அதற்கு எபொனைட் என்று பெயர் வந்தது. சார்லஸின் தம்பி நெல்சன் குட்இயர் 1851இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார். வாட்டர்மேன் காலத்துப் பேனாக்களின் உடம்பு, மூடி, நாக்கு எல்லாம் எபொனைட்தான். மையின் அமிலம் அதை அரிக்காது, கடைசலில் எளிதாகச் செதுக்கலாம், அதன் மேற்பரப்பில் மை நன்றாகப் பற்றும். நாக்குக்கு இன்றும் எபொனைட்டே வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் திருவள்ளூரிலும் ஆந்திராவில் ராஜமுந்திரியிலும் இப்போதும் கையால் கடைந்து எபொனைட் பேனா செய்கிறார்கள்.

அந்தத் தொடக்கக் காலத்து ரப்பர் பெரும்பாலும் அமேசான் காட்டிலிருந்து வந்தது. 1877இல் இருபத்திரண்டு ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பதைப் பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். சுங்கை சிப்புட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம்தான் அந்த இடம். சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் தினமும் பட்டையை மெல்லிசாகச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1910களிலிருந்து நெடுங்காலம் உலக ரப்பர் சந்தையில் மலாயாதான் முன்னணியில் இருந்தது. எபொனைட் பேனாக்கள் கோலோச்சிய கடைசிக் காலமும் அதுதான். விடியுமுன் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு நம்மவர்கள் மங்கில் சேர்த்த பால் எந்தெந்தப் பேனாக்களுக்குப் போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கும்போது அந்தக் கறுப்பு நாக்கை வேறு கண்ணால் பார்க்கத் தோன்றுகிறது.

ரப்பர் இன்னொரு வடிவிலும் பேனாவுக்குள் நுழைந்தது. அமெரிக்காவில் வால்டர் ஷீஃபர் 1908இல் காப்புரிமை பெற்ற நெம்புகோல் பேனாவில் உடம்புக்குள் ஒரு சின்ன ரப்பர் பை இருக்கும். பக்கவாட்டில் உள்ள நெம்புகோலைத் தூக்கினால் பை நசுங்கும். நிப்பை மையில் முக்கிக்கொண்டே விட்டால் பை விரிந்து மையை உறிஞ்சும். வீட்டில் தாத்தா காலத்துப் பேனா கிடைத்து, நெம்புகோல் அசையாமல் இருந்தாலோ, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டாலோ, அந்தப் பை காய்ந்து நொறுங்கிவிட்டது என்று பொருள். நெம்புகோலைப் பலமாக இழுத்து உடைத்துவிடாதீர்கள். மூடி கறுப்பு போய் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்துக்கு வந்திருந்தால் அது எபொனைட் என்பதற்கு நல்ல அடையாளம். வெளிச்சமும் ஈரமும் பட்டு உள்ளிருக்கும் கந்தகம் மேற்பரப்பில் மாறுவதால் வரும் நிறம் அது. தண்ணீரில் ஊறவைத்தால் இன்னும் மோசமாகும், ஈரத்துணியால் துடைத்துவிட்டு உடனே காயவையுங்கள்.

பழுது பார்ப்பது முடியாத காரியம் இல்லை:

1. கழுத்தை இளஞ்சூட்டில் காட்டி மெதுவாகத் திருகி, அல்லது ஆட்டி ஆட்டிக் கழற்றவும். பழைய அரக்கு சூட்டில் இளகும். நெருப்பில் காட்டக் கூடாது, பேனா சில வகைகளில் செல்லுலாய்டாக இருக்கலாம், அது பற்றிக்கொள்ளும்.

2. நொறுங்கிய பையின் துண்டுகளை ஒன்றுவிடாமல் சுரண்டி எடுக்கவும்.

3. அதே அகலமுள்ள புதுப் பை வாங்கி, நீளத்துக்கு வெட்டி, கழுத்தின் காம்பில் அரக்கு தடவி மாட்டவும். புதுப் பைகளையும் பெரும்பாலும் மரத்துப் பாலில்தான் செய்கிறார்கள்.

4. ஒரு நாள் காயவிட்டு, பையின் மேல் கொஞ்சம் டால்க் தூள் தடவி உடம்புக்குள் செருகவும். பை சுவரில் ஒட்டாமல் இருக்க இது.

5. முதலில் தண்ணீரை உறிஞ்சவைத்து, நிப்பைக் கீழே பார்க்கப் பிடித்து ஒற்றுத்தாளின் மேல் பத்து நிமிடம் வைத்திருக்கவும். சொட்டாவிட்டால் மை ஊற்றலாம்.